ஒரே சம்பவம், பல குரல்கள்: கதையை எந்தத் தொனியில் சொல்வது?

கதை கையில் இருக்கிறது. ஆட்கள் யார், என்ன நடக்கிறது, எங்கே முடிகிறது எல்லாம் தெரியும். ஆனாலும் முதல் பத்தி உட்கார மாட்டேன் என்கிறது. எழுதுகிறோம், அழிக்கிறோம், மறுபடி எழுதுகிறோம். இந்த நிலையில் பலர் கதையில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, சம்பவங்களை மாற்றத் தொடங்குகிறார்கள். கதாநாயகனுக்கு ஒரு தங்கையைச் சேர்ப்பார்கள், நடுவில் ஒரு விபத்தை வைப்பார்கள். அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: இதைச் சொல்கிறவர் யார், அவர் நடந்ததை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கிறார், அதைப் பற்றி அவருக்கு என்ன எண்ணம்? இந்த மூன்றும் முடிவாகாதவரை எந்தப் பத்தியும் உட்காராது. தொனி என்பது இவை மூன்றும் சேர்ந்து வாக்கியத்தில் எழுப்பும் ஓசை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சோகக் கதைக்குச் சோகமான குரல், வேடிக்கைக் கதைக்கு வேடிக்கையான குரல் என்று எடுத்துக்கொள்வது நம் இயல்பு. யோசிக்காமல் எழுதினால் கை அங்கேதான் போகும். ஆனால் கதை எழுப்பும் உணர்ச்சி வேறு, சொல்பவரின் தொனி வேறு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரியும் விதங்களைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தெந்த நான்கிலிருந்து பிறக்கிறது என்றும் சொல்கிறது. அழுகைக்கு அது தரும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழந்துபோவது, இருந்த நிலை குலைவது, இல்லாமை. எல்லாமே ஒருவருக்கு நேர்பவை. கதை சொல்பவரின் தொண்டை அடைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு. ஒருவர் எள்ளப்படுகிற சம்பவம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இளிவாகவும் தெரியலாம், நகையாகவும் தெரியலாம். அப்படிப்பட்ட சம்பவங்களில்தான் தொனியைத் தேர்வது உண்மையிலேயே கடினம்.

எனவே அப்படி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வேலாயுதம் ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறார். பிரிவுபசார விழாவில் அவருக்கு ஒரு ஷீல்டு கொடுக்கிறார்கள். அதில் பெயர் தப்பாக இருக்கிறது. ‘வேலுமணி’ என்று அச்சாகியிருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அவ்வளவுதான் கதை. இதைச் சொல்ல நம் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதைக் கொடுத்து எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்று பார்க்கலாம்.

அடங்கிய தொனி

“வேலாயுதம் ஷீல்டை வாங்கிக்கொண்டு மேனேஜருக்குக் கைகொடுத்தார். போட்டோ எடுத்து முடிக்கும்வரை சிரித்தபடி நின்றார். நாற்காலிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அதில் இருந்ததைப் படித்தார். ‘திரு. வேலுமணி அவர்களுக்கு’ என்று இருந்தது. இன்னொரு முறை படித்தார். பக்கத்து நாற்காலிக்காரர், ‘நல்லா வந்திருக்கா சார்?’ என்று கேட்டார். ‘நல்லா வந்திருக்கு’ என்றார். எழுத்து உள்பக்கம் போகும்படி ஷீல்டைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.”

இதில் சொல்பவர் என்று ஒருவர் இருப்பதே தெரியவில்லை. வேலாயுதம் வருந்தினார், அவமானப்பட்டார் என்று எங்கும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் மட்டும் இருக்கின்றன. ஆனால் ‘இன்னொரு முறை படித்தார்’ என்பதிலும் ‘உள்பக்கம் போகும்படி’ என்பதிலும் வாசகர் தாமாகவே நின்றுவிடுகிறார். ஏன் திருப்பி வைத்தார்? தன் அவமானத்தை மறைக்கவா, தவறு செய்தவர்கள் சங்கடப்படக் கூடாது என்பதற்காகவா? கதை சொல்லவில்லை. சொல்லாததால்தான் வாசகர் வேலாயுதத்தைப் பற்றி யோசிக்கிறார்.

இந்தத் தொனிக்காக வாதாடியவர்களில் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் முக்கியமானவர். 1892இல் அவிலோவா என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், துயரப்படுகிறவர்களைக் காட்டி வாசகரின் இரக்கத்தை எழுப்ப நினைத்தால் இன்னும் குளிர்ச்சியாக எழுதுங்கள் என்கிறார். அந்தக் குளிர்ச்சி துயரத்துக்கு ஒரு பின்புலம்போல் அமைந்து, துயரம் எடுப்பாகத் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். நம் கதையில் அப்படித்தான் நடக்கிறது. சம்பவம் தன்னளவிலேயே சூடாக இருக்கும்போது குரலும் சூடாக இருந்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து, எதுவும் தனியாகத் தெரியாமல் போகும்.

நம்ப முடியாத சம்பவங்களுக்கும் இது பொருந்தும். காஃப்காவின் 1915ஆம் வருடக் குறுநாவலில் ஒருவன் காலையில் பூச்சியாக விழித்தெழுகிறான். சொல்பவர் ஆச்சரியப்படுவதே இல்லை; அவனும் வேலைக்குப் போக வேண்டிய ரயிலைத் தவறவிட்டோமே என்றுதான் பதறுகிறான். ‘என்ன விந்தை!’ என்று சொல்பவர் ஒரு தடவை வாயைப் பிளந்திருந்தாலும் வாசகர் நம்பாமல் போயிருப்பார்.

சரி, இதில் என்ன ஆபத்து? வறட்சி. அடக்கம் என்ற பெயரில் எதையும் பார்க்காமல் எழுதுபவர்கள் நிறைய. ‘வந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், போனார்’ என்று பக்கம் பக்கமாக ஓடும் எழுத்தில் அடங்கிய தொனி இல்லை. அங்கே தொனியே இல்லை. மேலே உள்ள பத்தி நிற்பதற்குக் காரணம் அதன் செய்கைகள் தேர்ந்தெடுத்தவை என்பது. உணர்ச்சியை வெளியேற்றினால் அதன் சுமை முழுவதும் விவரங்களின் தலையில் விழுகிறது. ஷீல்டைத் திருப்பி வைப்பது போன்ற ஒரு விவரம் கிடைக்காவிட்டால் இந்தத் தொனியில் எழுதாமல் இருப்பதே நல்லது. அப்புறம், உள்மனம் மட்டுமே நடமாடும் கதைக்கு இது உதவாது. ஓர் ஆள் அறைக்குள் தனியாக உட்கார்ந்து நாற்பது வருடத்தை நினைத்துப் பார்க்கிறார் என்றால், வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அங்கே ஒரு நாற்காலிதான் தெரியும்.

உருக்கமான தொனி

“முப்பத்தொரு வருடம். எத்தனை காலைகள், எத்தனை கோப்புகள், அடுத்தவர் தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்ட எத்தனை மாலைகள்! பதிலுக்கு அவர் எதுவும் கேட்டதில்லை. கடைசியில் அவர்களாகக் கொடுத்ததிலும் அவர் இல்லை. அந்தத் தகட்டில் யாரோ ஒரு வேலுமணி மினுங்கிக்கொண்டிருந்தான்.”

நவீன எழுத்தில் பழகியவர்கள் இந்தத் தொனியைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடு இல்லை. மேலே உள்ள பத்தியில் அடங்கிய தொனியால் முடியாத ஒன்று நடக்கிறது: முப்பத்தொரு வருடம் நான்கு வரிக்குள் வந்துவிட்டது. வெளியே நின்று பார்ப்பவரால் அந்த மண்டபத்தில் நடப்பதை மட்டுமே சொல்ல முடியும். பாத்திரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த குரலால் காலத்தில் முன்னும் பின்னும் போக முடியும், கூட்டிப் பார்க்க முடியும், நியாயம் கேட்க முடியும்.

கடைசி வினைமுற்றைக் கவனியுங்கள். வேலாயுதம் ‘அவர்’. இல்லாத வேலுமணி ‘மினுங்கிக்கொண்டிருந்தான்’. அந்த ‘ஆன்’ விகுதியில் சொல்பவரின் கோபம் மொத்தமும் இருக்கிறது. கோபமாக எழுதுகிறேன் என்று அவர் அறிவிக்கவே இல்லை. தமிழில் இந்த வசதி தாராளமாக உண்டு. ஒருவரை அவன் என்பதா, அவர் என்பதா என்று முடிவு செய்யாமல் நம்மால் ஒரு வாக்கியம்கூட முடிக்க முடியாது. முதல் வினைமுற்றிலேயே தொனி பாதி முடிவாகிவிடுகிறது. இதை யோசிக்காமல், வயதானவர் என்றால் அவர், இளைஞன் என்றால் அவன் என்று போகிற போக்கில் எழுதிவிடுவதில் ஒரு நல்ல ஆயுதம் வீணாகிறது.

உருக்கத்தின் சிக்கல் அளவில்தான். ஒரு ‘எத்தனை’ போதும் என்கிற இடத்தில் நான்கு வரும். ஆச்சரியக்குறி ஒன்று இரண்டாகும். பிறகு ‘பாவம்’ வரும். ‘பாவம்’ என்று சொல்பவரே சொல்லிவிட்டால் வாசகருக்கு இரங்குவதற்கு என்ன மிச்சம்? இந்தத் தொனியை எடுத்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது: பாத்திரம் தனக்காக வருந்தாத இடத்தில் சொல்பவர் வருந்தலாம், பாத்திரமே அழும்போது சொல்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மேலே உள்ள பத்தி அடுத்து ‘வேலாயுதத்தின் கண்கள் குளமாயின’ என்று போயிருந்தால் அதுவரை சேர்த்ததெல்லாம் அந்த ஒரு வரியில் கொட்டிப்போயிருக்கும்.

எள்ளல்

“பிரிவுபசாரக் குழு மூன்று முறை கூடியது. மேடைத் துணி என்ன நிறம் என்பது முதல் கூட்டத்திலும், யார் முதலில் பேசுவது என்பது இரண்டாவதிலும், யார் அதிக நேரம் பேசக் கூடாது என்பது மூன்றாவதிலும் ஒருமனதாக முடிவாயின. ஓய்வு பெறுபவரின் பெயர் என்ன என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் எழவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஷீல்டு மிக அழகாக வந்திருந்தது. வேலுமணி என்று ஒருவர் அங்கே வேலை பார்த்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்.”

படிக்கச் சுகமானது இதுதான். எழுதவும் சுகமானது. அதனால்தான் இதை எடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

முதல் இரண்டு தொனிகளிலும் கேமரா வேலாயுதத்தின் மேல் இருந்தது. இங்கே அது குழுவின் மேல் திரும்பிவிட்டது. கதை இப்போது ஓர் அலுவலகத்தைப் பற்றியது. தொனியை மாற்றினோம் என்று நினைத்தோம், கதையே மாறிவிட்டது. இதில் தவறு ஒன்றும் இல்லை, நமக்கு வேண்டியது அதுதான் என்றால். ஆனால் மாறியிருக்கிறது என்பதாவது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எள்ளலுக்கு எப்போதும் ஓர் இலக்கு வேண்டும், அது சொல்பவரைவிட மேலான இடத்தில் இருக்க வேண்டும், குறைந்தது சமமாகவாவது. அதிகாரம், பாசாங்கு, குழு, சடங்கான பேச்சு இவையெல்லாம் எள்ளலைத் தாங்கும். அதே குரலை வேலாயுதத்தின் மேல் திருப்பிப் பாருங்கள்: ‘வேலாயுதம் அந்த ஷீல்டை மிகுந்த மரியாதையோடு வீட்டுக்குக் கொண்டுபோனார், மரியாதை வேலுமணிக்கு உரியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.’ வாக்கியம் சாமர்த்தியமானதுதான். ஆனால் இப்போது சொல்பவர்மேல் நமக்கு வெறுப்பு வருகிறது. அடிபட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று தோன்றுகிறது. எள்ளல் கதைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நல்ல இலக்கோடு தொடங்குவார்கள். குரல் சூடு பிடித்ததும் யார் எதிரே வந்தாலும் அடிப்பார்கள்.

எள்ளலின் இன்னொரு ரகசியம், அதுவும் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல், அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று யோசனை சொல்லும் ஒரு கட்டுரை எழுதினார். அதைச் சொல்கிற குரல் துளியும் பதறாது. பொறுப்புள்ள ஒருவர் நாட்டு நலனுக்காகக் கணக்குப் போட்டுப் பேசுவது போலவே கடைசிவரை பேசும். எழுதியவரின் ஆத்திரம் முழுவதும் அந்தப் பதறாத குரலுக்கு அடியில் இருக்கிறது. நடுவில் ஓர் இடத்தில் கண்ணடித்திருந்தாலும் கட்டுரை படுத்திருக்கும். நம் பத்தியிலும் ‘ஒருமனதாக’ என்ற சொல் கூட்டக் குறிப்பில் வருவது போலத்தான் வருகிறது. அதைச் ‘சிரிப்புக்கிடமான முறையில் ஒருமனதாக’ என்று எழுதியிருந்தால் சிரிப்பு போயிருக்கும். அந்த விதத்தில் எள்ளலும் அடங்கிய தொனியும் பங்காளிகள்.

நீளமும் ஒரு கணக்கு. ஐந்து பக்கம்வரை எள்ளல் துள்ளிக்கொண்டு போகும். ஐம்பது பக்கத்தில் வாசகர் களைத்துவிடுவார், ஏனென்றால் எல்லாவற்றையும் கேலி செய்கிற குரலால் எதையும் பொருட்படுத்த முடியாது. சொல்பவரே பொருட்படுத்தாததை வாசகர் ஏன் பொருட்படுத்த வேண்டும்? நீண்ட கதையில் எள்ளலை எடுப்பவர்கள், எந்த ஆளை, எந்தப் பொருளைக் கேலி செய்யப் போவதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. அந்த விலக்குதான் குரலுக்கு முதுகெலும்பு.

பேச்சுத் தொனி

“இங்க பாருங்க, பேரைக் கடைக்குச் சொன்னது நான்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா அன்னிக்கு ஆபீஸ்ல இருந்த வேலை உங்களுக்குத் தெரியாது. கடைக்காரன் போன்ல ‘வேலாவா, வேலுவா’ங்கறான், இந்தப் பக்கம் மேனேஜர் கூப்பிடறார். ஏதோ ரெண்டெழுத்து முன்னபின்ன ஆயிடுச்சு. பெரியவர் ஒண்ணும் சொல்லலை. சிரிச்சார். அவர் சிரிச்சதைப் பாத்திருந்தா, கோபமில்லைன்னு நீங்களே சொல்லியிருப்பீங்க.”

பேச்சுத் தொனி என்றால் பேச்சு வழக்கில் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கு அதன் மேல்தோல். எழுத்து வழக்கிலேயே பேச்சுத் தொனியைக் கொண்டுவர முடியும். பேச்சு வழக்கில் எழுதியும் அறிக்கை போல ஒலிப்பவை இருக்கின்றன. பேச்சுத் தொனியில் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு: பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். ‘இங்க பாருங்க’ என்று யாரிடம் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாவிட்டால் அந்த ‘இங்க பாருங்க’ வெறும் அலங்காரம்.

மேலே பேசுகிறவருக்குக் காரணம் இருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார். அதனால் அவர் சொல்வது ஒன்று, நாம் கேட்பது வேறு. ‘கோபமில்லைன்னு நீங்களே சொல்லியிருப்பீங்க’ என்று அவர் நம்மை இழுக்கும்போதே, அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற தொனிகளில் சொல்பவரை நம்பினோம். இங்கே அவரைச் சந்தேகப்படுவதுதான் படிக்கும் சுவை.

விலை என்ன என்றால், இந்தக் குரல் பார்க்காதது எதுவும் கதைக்குள் வர முடியாது. வேலாயுதம் வீட்டுக்குப் போய் அந்த ஷீல்டை என்ன செய்தார்? இந்த ஆளுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அவரை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அனுப்ப ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கதையின் சட்டகமே சொல்பவரின் கால் போகும் தூரத்துக்குச் சுருங்குகிறது. இன்னொன்று, அவருடைய சொற்களுக்குள்ளேயே நாம் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அவருக்கு வராத சொல் கதையிலும் வரக் கூடாது. நல்ல உவமை ஒன்று தோன்றினாலும், ‘இந்த ஆள் இப்படிப் பேசுவாரா’ என்று கேட்டுப் பார்த்து, பேசமாட்டார் என்றால் வெட்டிவிட வேண்டும். கைக்கு வந்த நல்ல வரியை வெட்ட மனமில்லாதவர்களுக்கு இந்தத் தொனி ஒத்துவராது.

கவித்துவத் தொனி

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு பக்கத்துக்குள் முடியும் கதைக்கு, அதுவும் சம்பவம் குறைவாகவும் நிலக்காட்சியோ நினைவோ நிறைவாகவும் இருந்தால், நன்றாக வரும். வேலாயுதத்தின் கதைக்கு இது ஆகாது. ஷீல்டு, மேனேஜர், போட்டோ, நாற்காலி என்று நம்மிடம் இருக்கும் சொற்களே இந்தத் தொனிக்குள் வர மறுக்கும். எந்தத் தொனியானாலும் ஒரு சோதனை வைக்கலாம்: ‘பஸ் வர அரை மணி நேரம் ஆனது’ என்ற தகவலை அந்தக் குரலில் சொல்லிப் பாருங்கள். அடங்கிய தொனி அதை அப்படியே சொல்லிவிட்டு நகரும். எள்ளலுக்கு அதில் விருந்தே இருக்கும். பேச்சுத் தொனி அலுத்துக்கொள்ளும். கவித்துவத் தொனி மட்டும் அங்கே திணறி, பஸ்ஸை ஏதோ ஒரு காத்திருப்பின் குறியீடாக ஆக்கிவிடும். கதை என்றால் அதில் பஸ்ஸும் வரும், சாவியைத் தேடுவதும் வரும். அவற்றைத் தாண்டிப் போகத் தெரியாத குரலை வைத்துக்கொண்டு நீளமாக எதுவும் எழுத முடியாது.

எதை வைத்துத் தீர்மானிப்பது?

இந்தத் தொனிகளில் எது உயர்ந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ஆனால் கையில் இருக்கிற கதைக்கு எது பொருந்தும் என்பதற்கு ஓரளவு திட்டமாகவே பதில் சொல்லலாம். நான் முதலில் பார்ப்பது, நடந்ததைப் பற்றிச் சொல்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான். பாத்திரத்தைவிட அவருக்கு அதிகம் தெரியுமா? அப்படியென்றால் எள்ளலுக்கு இடம் உண்டு, ஏனென்றால் அதிகமாகத் தெரிந்திருப்பதில்தான் எள்ளல் குடியிருக்கிறது. பாத்திரத்துக்குத் தெரிந்த அளவே தெரியுமா? உருக்கம் இயல்பாக வரும். பாத்திரத்தைவிடக் குறைவாகத் தெரியுமா, வெளியிலிருந்து பார்க்க மட்டும் முடிகிறதா? அது அடங்கிய தொனி. தனக்குத் தெரிந்ததை ஒத்துக்கொள்ள விரும்பவில்லையா? அப்போது அவரைப் பேசவிட வேண்டியதுதான்.

வேலாயுதம் ஷீல்டைத் திருப்பி வைத்த காரணம் எழுதுகிற நமக்கே சரியாகத் தெரியாவிட்டால், உருக்கமாக எழுதும்போது பொய் சொல்ல வேண்டியிருக்கும். எழுதி முடித்த கதைகளில் தொனி எங்கே பொய்யாக ஒலிக்கிறது என்று தேடிப் போனால், சொல்பவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் வாக்கியத்தில்தான் பெரும்பாலும் போய் நிற்போம்.

அடுத்தது, சோதித்துப் பார்க்கிற இடம். எல்லாரும் தொனியைத் தொடக்கப் பத்தியில் சோதிக்கிறார்கள். தொடக்கம் எந்தக் குரலிலும் நன்றாகத்தான் இருக்கும். மேலே உள்ள மாதிரிகளே அதற்குச் சாட்சி, எதிலும் ஒரு கதையைத் தொடங்கலாம். கதையின் மிகக் கடினமான காட்சி எதுவோ, அதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். நம் கதையில் அது மேடை இல்லை. வேலாயுதம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் மனைவி, ‘என்ன கொடுத்தாங்க, காட்டுங்க’ என்று கை நீட்டுகிற இடம். எள்ளல் அந்த வாசலில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கிறது, அதற்கு உள்ளே வேலை இல்லை. உருக்கத்துக்கு அங்கே வேலை அதிகம், அளவுக்கு மீறி அதிகம். மனைவியும் உருகி, அவரும் உருகி, சொல்பவரும் உருகுவார். அடங்கிய தொனியில் மனைவி ஷீல்டை வாங்கிப் பார்ப்பாள், படிப்பாள், ‘நல்ல கனம்’ என்பாள். அந்த ‘நல்ல கனம்’ எனக்கு இந்தக் காட்சியை எழுதிப் பார்த்தபோதுதான் கிடைத்தது. மேடையை எத்தனை தடவை எழுதியிருந்தாலும் கிடைத்திருக்காது.

வாய்விட்டுப் படிப்பதும் உதவும். கண்ணால் படிக்கும்போது நாம் நினைத்த தொனியே கேட்கும். வாயால் படிக்கும்போது எழுதியிருக்கிற தொனி கேட்கும். முடிந்தால் வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எந்த வாக்கியத்தில் குரலை மாற்றுகிறாரோ, அங்கே எழுத்திலும் தொனி மாறியிருக்கிறது.

மாறலாமா என்றால், தாராளமாக மாறலாம். ஒரே தொனியில் கடைசிவரை போக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. எள்ளலாகப் போய்க்கொண்டிருந்த கதை ஒரு வரியில் சட்டென்று கேலியை நிறுத்திக்கொண்டால், அந்த வரிக்கு அடங்கிய கதையில் கிடைக்காத பலம் கிடைக்கும். பிரிவுபசாரக் குழுவின் கதையில், கூட்டங்கள், பேச்சுகள், கைதட்டல் எல்லாவற்றையும் அதே குறும்போடு சொல்லிவிட்டு, ‘வேலாயுதம் பஸ்ஸில் ஷீல்டை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார்’ என்று எந்தக் குறும்பும் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதினால் வாசகர் நிமிர்ந்து உட்கார்வார். ஆனால் ஒரு கதைக்கு இது ஒரு தடவைதான். இரண்டாவது தடவை செய்தால் வித்தை தெரிந்துவிடும். எதிர்த் திசையிலும் கவனம் வேண்டும். அடங்கிய கதைக்குள் திடீரென்று கேலி புகுந்தால் எழுத்தாளர் வந்து தலைநீட்டியது போல இருக்கும். குளிர்ந்த குரலிலிருந்து உருக்கத்துக்குப் போவது இன்னும் கடினம். பல வரிகளுக்கு முன்பே விகுதியிலும் வாக்கிய நீளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு வந்தால்தான் அது உறுத்தாது.

காலமும் இங்கே கணக்கில் வரும். ‘வாங்கிக்கொண்டார்’ என்பதை ‘வாங்கிக்கொள்கிறார்’ என்று மாற்றிப் பாருங்கள். நடந்து முடிந்த கதை இப்போது கண்ணெதிரே நடக்கிறது. சொல்பவருக்கு யோசிக்க நேரம் இல்லை. எள்ளலுக்கு யோசித்த பிறகு வரும் நிதானம் வேண்டும் என்பதால் இறந்தகாலம் அதற்குத் தோது. நிகழ்காலம் அடங்கிய தொனிக்குப் பொருந்தும், ஆனால் நாடகக் குறிப்பு மாதிரி ஒலிக்கும் ஆபத்தும் கூடவே வரும்.

சரி, வேலாயுதத்தின் கதையை நான் எதில் எழுதுவேன்? ஆறேழு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் அடங்கிய தொனி, சந்தேகமே இல்லை. சம்பவம் சூடானது, நல்ல விவரம் ஒன்று கையில் இருக்கிறது, வாசல் காட்சி அதில்தான் நிற்கிறது. எள்ளல் எழுத எனக்குப் பிடிக்கும், அந்தக் குழுவின் மூன்று கூட்டங்களை விட மனமே இல்லை. இருந்தாலும் அந்தக் கதையில் வேலாயுதம் ஒரு சாக்காகிவிடுகிறார். குழுவைப் பற்றித் தனியாக ஒன்று எழுதிக்கொள்ளலாம், அதில் ஓய்வு பெறுபவர் கடைசிவரை மேடைக்கே வராமல் இருந்தாலும் நஷ்டமில்லை.

நாற்பது ஐம்பது பக்கம் போகிற கதை என்றால் பதில் வேறு. அப்போது கடைக்குப் போன் செய்தவரைப் பேசவிடுவேன். அடங்கிய தொனியில் அவ்வளவு தூரம் போனால் விவரங்கள் தீர்ந்துபோகும். அந்த ஆளிடமோ சொல்ல நிறைய இருக்கிறது: போன் வந்த நேரம், மேனேஜரின் அவசரம், தன்னுடைய பதவி உயர்வு, வேலாயுதம் ஒரு காலத்தில் தனக்குச் செய்த உதவி. அந்த உதவியை அவர் பேச்சில் கடைசிவரை தள்ளிப்போட்டுக்கொண்டே போவார், அதுதான் கதையை இழுத்துக்கொண்டு போகும். வாசல் காட்சியை அவரால் பார்க்க முடியாது என்பது உண்மை. அதனால் புது ஷீல்டு ஒன்று, சரியான பெயரோடு, தன் கைக்காசில் செய்து எடுத்துக்கொண்டு அவரே அந்த வீட்டுக்குப் போகட்டும். கதவைத் திறக்கும் மனைவிக்கு இவர் யாரென்று தெரியாது. பெயரைக் கேட்பாள்.